ஹியரோன் காசு கைக்கு வந்தால்: எடை, ஓரம், பச்சைப் பொடி

வேலூர், ஆற்காடு, ஆரணி வட்டாரத்தில் நாணயம் சேர்ப்பவர்களுக்கு நவாப் காலத்துச் செப்புக் காசு நன்றாகப் பழகியது. அந்தப் பழக்கத்தில் கிரேக்க வெண்கலக் காசு ஒன்று கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசில் புளியின் அமிலம் பச்சைப் படலத்தைக் கரைத்துவிடும். எழுத்தின் விளிம்பு அந்தப் படலத்தில்தான் நிற்கிறது என்பதால் அதுவும் சேர்ந்து போகும். எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பவுடர் எல்லாம் இதே கணக்குத்தான். ஆகவே முதலில் காசு இன்னதென்று அடையாளம் காணுங்கள், பிறகு எடை போடுங்கள். தண்ணீரில் நனைப்பது அதற்குப் பிறகுதான்.

சந்தையில் அதிகம் வரும் கிரேக்க வெண்கலங்களில் ஒன்று சைரக்யூஸின் பொசைடன்-திரிசூலக் காசு. பொசைடன் கிரேக்கர்களின் கடல் தெய்வம். சைரக்யூஸ் சிசிலித் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தார் ஆர்க்கியாஸ் என்பவர் தலைமையில் கி.மு. 734 வாக்கில் வந்து, முதலில் ஒர்டீஜியா என்ற சிறு தீவில் குடியேறினார்கள். இந்தக் காசை அடித்தவன் கி.மு. 215 வரை ஆண்ட இரண்டாம் ஹியரோன். அவன் இறந்த மூன்றாம் ஆண்டில், கி.மு. 212-இல், ரோமத் தளபதி மார்செல்லஸ் நகரைப் பிடித்தான்.

முன்பக்கத்தில் தாடி வைத்த பொசைடனின் தலை இடப்பக்கம் பார்க்கும். தலைமுடியைச் சுற்றி ஒரு பட்டை. பின்பக்கத்தில் கிளைகளுக்கு நடுவே பூவேலை செய்த திரிசூலம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு டால்பின். சூலத்தின் தண்டு அரசன் பெயரை இரண்டாகப் பிரிக்கும்: இடப்பக்கம் நான்கு எழுத்து, வலப்பக்கம் மூன்று. தேய்ந்த காசில் முதலில் தேட வேண்டியது இடப்பக்கத்தின் கடைசி எழுத்தான ஓமேகா, குதிரை லாட வடிவில் இருக்கும். கீழே ஓரிரு சிறு எழுத்துகள் தெரிந்தால் அவை அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் இடத்தின், கட்டுப்பாட்டுக் குறிகள். அவை காசுக்குக் காசு மாறும், அதைப் பார்த்து போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

குறுக்களவு 18 முதல் 22 மில்லிமீட்டர், எடை பெரும்பாலும் 5 முதல் 8 கிராம். அதே அரசனுக்குக் குதிரைவீரன் பொறித்த பெரிய வெண்கலமும் உண்டு. அது 26 மில்லிமீட்டரைத் தாண்டும், எடை 15 கிராமுக்கு மேல். விற்பவர் ‘ஹியரோன் காசு’ என்று மட்டும் சொன்னால் எது என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

ஓரத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். போலிக்கு வார்ப்புத் தழும்பு இருக்கும் என்று கேள்விப்பட்டு, நல்ல காசையும் ஒதுக்கிவிடுவார்கள். இந்தக் காசுக்கான வில்லைகளை அச்சில் வரிசையாக வார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றை வெட்டிப் பிரித்து, அதன்பின்தான் முத்திரை அடித்தார்கள். அதனால் ஓரத்தில் ஓரிடத்திலோ எதிரெதிரே ஈரிடங்களிலோ சிறு முளை மிஞ்சியிருப்பது இயல்பு. சந்தேகப்பட வேண்டியது ஓரம் முழுக்க மெல்லிய கோடு சுற்றி ஓடி, அதை அரம் போட்டுத் தேய்த்திருந்தால்தான். நகை ஆசாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் காசின் தரையை, அதாவது உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றிடத்தை, பாருங்கள்: ஊசிமுனை அளவு உருண்டைக் குழிகளும், சோப்பு கரைந்தாற்போல் மழுங்கிய முகமும் சேர்ந்திருந்தால் வார்த்த போலி. ஒரே கடையில் இரண்டு காசுகள், ஒரே இடத்தில் ஒரே கீறலோடு கிடந்தால் இரண்டையுமே வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது அடர்த்தி. ஹியரோனின் மகுடத்தில் கலப்படம் உண்டா என்று ஆர்க்கிமிடீஸ் தண்ணீரை வைத்துக் கண்டுபிடித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே அரசன் காசுக்கும் அதே தண்ணீர்தான். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். உலர்ந்த காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கவிட்டு, தராசு காட்டுவதைக் குறியுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. 6.20 கிராம் காசுக்கு 0.71 வந்தால் 8.73. வெண்கலம் 8.6 முதல் 8.9 வரை நிற்கும். துத்தநாகக் கலவையில் வார்த்த போலி 7-க்குப் பக்கத்தில் விழும். காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் அடர்த்தி எண் குறைந்துவிடும், தட்டி உதிர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். 0.01 கிராம் பிசகினாலே விடை 0.12 மாறும் என்பதால் மூன்று தடவை போட்டுச் சராசரி எடுங்கள். பித்தளையையும் இன்று வார்த்த வெண்கலத்தையும் இந்தச் சோதனை பிடிக்காது. அங்கே ஓரமும் தரையும்தான் சாட்சி.

இனிக் கழுவுவது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதில் நனைத்தால் நோயை விலைக்கு வாங்குவதுபோல. பேட்டரிக்கு ஊற்றும் டிமினரலைஸ்டு வாட்டர் வாங்குங்கள். ஆசிட் கலந்ததைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள், லேபிளைப் பாருங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் ஊறவிட்டு வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகியதும் கருவேல முள்ளால், லென்ஸில் பார்த்தபடி, மண்ணை மட்டும் நெம்புங்கள். முள் வெண்கலத்தைவிட மென்மையானது, ஊசி அப்படியல்ல.

கரும்பச்சையாக, கெட்டியாக, நகம் பட்டும் உதிராமல் இருப்பது நல்ல படலம். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது வெண்கல நோய். உள்ளே தங்கிய செம்புக் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து காசை உள்ளிருந்தே தின்கிறது. சந்தேகமானால் ஈரப் பஞ்சோடு, பஞ்சு காசில் படாமல், மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். புதிய பொடி கிளம்பினால் நோய் உறுதி.

பொடியை முள்ளால் எடுத்தபின், அரை லிட்டர் டிமினரலைஸ்டு வாட்டரில் நீரற்ற சோடியம் கார்பனேட் 12 கிராமும் சமையல் சோடா 9 கிராமும் கரையுங்கள். கண்ணாடிபோல் படிகமாக உள்ள சலவைச் சோடாதான் கிடைத்தால் 12-க்குப் பதில் 32 கிராம், ஏனென்றால் பாதிக்கு மேல் அதில் தண்ணீர். காசை இதில் போட்டு வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். வேலை வாரங்களில் முடியலாம், மாதங்களும் ஆகலாம். குளோரைடு இன்னும் வருகிறதா என்று பார்க்க, பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நுரைப்பது அடங்கும்வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சொட்டுங்கள். அதன்பின் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். வெண்மையாகக் கலங்கினால் இன்னும் வருகிறது. அமிலம் சேர்க்காமல் சில்வர் நைட்ரேட் விட்டால் கார்பனேட்டே படிந்து ஏமாற்றும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்தக் கரைசல் நல்ல படலத்தையும் கொஞ்சம் அரித்து நீலம் ஏற்றக்கூடும், நோயில்லாத காசை இதில் போடவே கூடாது.

பிறகு டிமினரலைஸ்டு வாட்டரில் பல தடவை அலசி, அடுப்பு இல்லாத இடத்தில் சுத்தமான அசிட்டோனில் முக்கி உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பிசுக்குப் பச்சையாகும்.

வேலூரில் ஏப்ரல், மே வெயில் காசுக்கு நல்லது. ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் வரைதான் கவனம். காற்றுப் புகாத டப்பாவில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லும் சிறு ஈரப்பதமானியும் போட்டு, எண்ணை 40 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஆம்பூர்த் தோல் பையும் மரப்பெட்டியும் பார்க்க அழகு, ஆனால் இரண்டிலிருந்தும் அமிலம் கசியும். பிவிசி உறையும் அப்படித்தான். மைலார் (பாலியெஸ்டர்) உறை வாங்குங்கள்.

காசு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்ததென்றால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடையில் வாங்கியதானால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நூறாண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.