வன்னியில் சமூகப் பணித் திட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 இல் இலங்கைப் போர் முடிந்து, இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலிருந்து குடும்பங்கள் கட்டங்கட்டமாக ஊர் திரும்பத் தொடங்கியது முதல் இன்றுவரை, வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் கிராமங்களுக்கு உதவித் திட்டங்கள் வந்தவண்ணமே இருக்கின்றன. வீடு, கிணறு, மலசலகூடம், கோழி, ஆடு, தையல் இயந்திரம், குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பொதுநோக்கு மண்டபம் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் நிலைத்தவை உண்டு. ஆனால் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களும், ஒரு பகுதி கழற்றி எடுக்கப்பட்ட நீர்ப்பம்பிகளும் உட்கிராமங்களில் அரிய காட்சிகளல்ல. செய்தவர்களிடம் நல்லெண்ணம் குறைந்திருக்கவில்லை; பணமும் பல இடங்களில் போதியதாகவே இருந்தது. ஒரு திட்டத்தைக் கையளிக்கும் நாளையே அதன் முடிவு நாளாகக் கருதி, மூன்றாம் ஆண்டில் அதை யார், எந்தப் பணத்தைக் கொண்டு நடத்துவார்கள் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்காமல் விட்டதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். அரச சார்பற்ற நிறுவனங்கள் மட்டுமல்ல, புலம்பெயர்ந்த உறவுகளின் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இன்று இதே பணியில் இறங்கியிருப்பதால், இத்தவறுகளைச் சற்று விரிவாக நோக்குவது பயன் தரும்.

மீள்குடியேறிய கிராமத்தை அமைப்பு எதுவும் இல்லாத வெற்றிடமாகப் பார்ப்பது முதல் தவறு. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, கரையோரமாயின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், இவற்றோடு கோயில் பரிபாலன சபையும் விளையாட்டுக் கழகமும் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. இவற்றைத் தாண்டிச் சென்று, வெளியிலிருந்து வரும் நிறுவனம் தன் பதிவேட்டின் வசதிக்காகப் புதிய பயனாளிகள் குழு ஒன்றை அமைக்கிறது. நிதி நின்றதும் குழு கூடுவதில்லை. ஆனால் இயந்திரமும் வங்கிக் கணக்கும் அந்தக் குழுவின் பெயரிலேயே கிடக்கும். இருக்கின்ற சங்கம் ஒருசில குடும்பங்களின் கையில் இருப்பதும் உண்டு என்பது உண்மையே. அதற்காக அதை விலக்கிவிடாமல், கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது, கூட்டக் குறிப்பேடும் வங்கிப் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பது போதுமானது. அந்த விடைகளே சங்கத்தின் நிலையைச் சொல்லிவிடும்.

பருவத்தைக் கணக்கில் எடுக்காமல் திட்டமிடுவதுதான் நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு. வன்னிக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அரசின் நிதியாண்டும் பல நன்கொடையாளர்களின் நிதியாண்டும் டிசம்பர் 31 இல் முடிகின்றன. மதிப்பீடு, அனுமதி, கேள்விப்பத்திரம் (ஒப்பந்த விலைகோரல்) என்று ஆண்டின் முற்பாதி கழிய, மண் வெட்டவேண்டிய வேலை மழை தொடங்கும் நேரத்தில்தான் ஆரம்பமாகிறது. ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டுக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில், ஈர மண்ணைக் கொட்டிக் குளக்கட்டை உயர்த்துவதும், நீர் நிற்கும் வாய்க்காலில் மதகுக்குக் கொங்கிறீற் போடுவதும் நடக்கின்றன. 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏற்பட்ட வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் எவரும், அந்த மாதத்தில் மண்வேலையை முடிப்பதாக ஒப்பந்தம் எழுதமாட்டார்கள். குளத்து வேலைக்கு உகந்த காலம் சிறுபோகத்துக்கு (கோடைகால நெற்செய்கைக்கு) நீர் விடாத கோடை மாதங்களே. ஆகவே ஆவண வேலைகளை முதல் ஆண்டின் மழைக்காலத்திலும், மண்வேலையை அடுத்த ஆண்டின் கோடையிலும் வைத்து, இரண்டு நிதியாண்டுகளுக்குப் பணம் கேட்பதே நேர்மையான வழி.

மரநடுகையிலும் இதே கதைதான். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5 இல் வருவதால், பாடசாலைகளிலும் வீதியோரங்களிலும் அன்று கன்றுகள் நடப்படுகின்றன. அப்போது வன்னியில் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசி நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடுத்த நல்ல மழைக்கு நான்கு மாதங்கள் கிடக்கின்றன. வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததன் காரணம் இதுவே. படம் எடுப்பதற்கு ஜூன் நல்லது; கன்றுக்குக் கார்த்திகை நல்லது. யானை நடமாட்டமும் கட்டாக்காலி மாடுகளும் உள்ள இடங்களில், கன்றின் விலையைவிட வேலிக்கும் முதலிரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவரின் கூலிக்கும் கூடுதலாக ஒதுக்கவேண்டும்.

தண்ணீர் பற்றிய திட்டங்களில் தவறுகள் பலவிதமாக நேர்கின்றன. இடத்துக்கு இடம் நிலத்தடி நீர் வேறுபடும் என்பது மறக்கப்படுகிறது. வவுனியாவின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். அங்கே நீர் பாறை வெடிப்புகளிலும் மேற்படையிலும்தான் நிற்கிறது. எனவே ஒரு குழாய்க்கிணற்றின் அருகே இன்னொன்றைத் துளைத்தால் இரண்டும் கோடையில் வற்றக்கூடும். பூநகரி போன்ற கரையோரங்களில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அங்கே ஆழத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை உப்பில்தான் முடியும். பழைய கிணறுகளில் ஆவணி, புரட்டாதி மாதங்களில் எவ்வளவு நீர் நிற்கிறது, என்ன சுவை என்று ஊரவரிடம் கேட்பதற்குப் பணம் தேவையில்லை. மழை முடிந்த தை மாதத்தில் வந்து கிணற்றைப் பார்த்து முடிவெடுப்பவரை எந்தக் கிணறும் ஏமாற்றிவிடும்.

சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பல இடங்களில் நிறுவப்பட்ட குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தேவையானவைதாம். ஆயினும் அவற்றின் கணக்கை முழுமையாக ஊருக்குச் சொல்லாமல் கையளிப்பது பிழை. நீரை அழுத்தி மென்சவ்வால் உப்பை வடிக்கும் பின்தள்ளு சவ்வூடுபரவல் (RO) முறையில் உள்ளே செலுத்தும் நீரில் ஒரு பெரும்பங்கு உப்புச் செறிந்த கழிவுநீராக வெளியேறும். அதைத் திறந்த நிலத்தில் விட்டால் அருகிலுள்ள கிணறு கெடும். நீரின் கடினத்தன்மை (கரைந்துள்ள சுண்ணாம்பு உப்பு) கூடுதலாக இருந்தால் மென்சவ்வு விரைவில் அடைபடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். மின்கட்டணம், வடிகட்டிகள், மென்சவ்வு, இயக்குபவரின் சம்பளம் ஆகிய நான்கையும் கூட்டி, ஒரு லீற்றரின் உண்மையான விலை என்ன என்பதைத் திறப்புவிழாவுக்கு முன்பே பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டும். இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய தண்ணீருக்கு இரண்டாம் ஆண்டில் விலை வைப்பது எந்தச் சங்கத் தலைவராலும் முடியாத காரியம்.

குளங்களைப் பொறுத்தவரை அதிகாரம் யாருடையது என்று முதலில் அறியவேண்டும். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. அனுமதி இல்லாமல் வானை (மிகைநீர் வழியும் கலிங்கை) ஓரடி உயர்த்தினாலும் அலைகரைப் (குளத்து நீர் பரவும் ஓரம்) பக்கத்து வயல்கள் மூழ்கும். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடரும் குளங்களில் மேற்குளத்தைப் பெருப்பித்தால் கீழ்க்குளம் நிரம்பப் பிந்தும். தூர்வாருகிறோம் என்று கட்டின் அடியில் இருந்தே மண் எடுப்பதால் கசிவு தொடங்குவதும் உண்டு. நீர் பங்கிடுவதில் அனுபவமுள்ள வட்டவிதானையின் (ஊரின் வயல், நீர் வேலைகளை மேற்பார்ப்பவர்) சொல்லைப் பொறியியலாளரின் வரைபடத்தோடு சேர்த்துக் கேட்பவர்கள் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

நீரைப் பயன்படுத்துவோரின் சம்மதம் இல்லாத திட்டம் எவ்வளவு பெரிதாயினும் திசை மாறும் என்பதற்கு இரணைமடுவே சான்று. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்ல ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் வகுக்கப்பட்ட திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். குடிநீர் தேவையில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. சிறுபோகத்துக்கே போதாத நீரில் இன்னொரு பங்கு எங்கிருந்து வரும் என்று கேட்டனர். இறுதியில் வடமராட்சி கிழக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். குளத்தைத் திருத்தினால் ஊரே பயனடையும் என்று திட்ட முன்மொழிவுகளில் எழுதப்படுகிறது. வயல் உள்ளவர்கள் பயனடைவார்கள். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து, காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலவற்றுக்குப் பாசனக் காணி இல்லை. கூலி வேலையே அவர்களின் வருமானம். பயனாளிகள் பட்டியலைக் கிராம அலுவலரிடம் பெற்று அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பொது இடத்தில் ஒட்டி, ஆட்சேபனைக்கு இரண்டு கிழமை அவகாசம் கொடுத்தால், காணியில்லாதவர், பிறர் காணியில் குடியிருப்பவர், அண்மையில் திரும்பியவர் போன்றோரின் பெயர்கள் மேலே வரும்.

வாழ்வாதார உதவியில் எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுப்பது வழமையாகிவிட்டது. ஒரே ஊரில் இருபது பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால், தைப்பதற்குத் துணி கொண்டுவர இருபது வீட்டுக்கும் வாடிக்கையாளர் எங்கே? கோழி கொடுத்தால் தீவனத்தின் விலையையும், நல்லின மாடு கொடுத்தால் புல்லையும், நெல் விதைத்த மாதங்களில் மாட்டைக் கொண்டுபோய்க் கட்டும் மேய்ச்சல்தரையையும் சேர்த்து எண்ணவேண்டும். முதலில் விற்கும் இடத்தைக் கண்டு, பிறகு பொருளைத் தெரிவுசெய்வதே முறை. கச்சான் (நிலக்கடலை), உழுந்து, பயறு போன்ற மேட்டுநிலப் பயிர்களில் வன்னி மக்களுக்குக் கைவந்த அறிவு இருக்கிறது. உலர்த்தும் தளம், கோது நீக்கும் இயந்திரம், சேமிக்கும் அறை ஆகியவை இல்லாமல்தான் அறுவடை நேரத்திலேயே குறைந்த விலைக்கு விற்கிறார்கள். இயற்கை விவசாயத் திட்டங்களுக்கும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை நீக்கப்பட்ட அனுபவம் விவசாயிகளின் மனத்தில் பச்சையாக உள்ளது. அவர்களிடம் முழு வயலையும் மாற்றும்படி கேட்காமல், ஒரு பாத்தியில் தொடங்கச் சொல்வதே நியாயம்.

கடனைப் பெண்களின் வலுவூட்டல் என்று பெயரிட்டு வழங்கியதன் விளைவை வன்னி நன்கறியும். போரில் கணவரை இழந்த, குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்களுக்குக் குழுப் பிணையில் நுண்கடன்கள் கொடுக்கப்பட்டன. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் தவணை வசூலிக்கப்பட்டது. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுக்கும் நிலை வந்தது. 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்ட பின்னரும் நெருக்கடி தணியாமல், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. சுழற்சி நிதி (திரும்பி வரும் தவணையை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் நிதி) அமைப்பவர்கள் இதிலிருந்து கற்கவேண்டியது தவணையின் காலத்தை. நெல்லில் வாழ்பவருக்கு அறுவடைக்குப் பிறகும், கூலிக்குப் போகிறவருக்குச் சிறிய தொகையாகக் கிழமைதோறும், தொழிலுக்குக் கடலில் இறங்குபவருக்குக் காற்றுக்காலத்தை விலக்கியும் தவணை வைக்கலாம். புதிய நிதியைத் தொடங்குவதற்கு முன், அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே எத்தனை கடன்கள் உள்ளன என்று கேட்கவேண்டும். விடை இரண்டுக்கு மேல் என்றால் கடன் கொடுக்காமல் இருப்பதே உதவி. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் உயிரோடு உள்ள ஊரில் அதன் மூலமே செய்வது நல்லது.

வீட்டுத் திட்டங்களில் பகுதிப் பணமும் இதே வகைச் சுமையாகிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக, பயனாளியே கட்டும் முறையில் வழங்கப்பட்டது. முறை நல்லது. ஆனால் பொருள் விலை ஏறியபோதும், ஒரு அறை கூடுதலாகக் கட்ட ஆசைப்பட்டபோதும் நகை அடகுக்குப் போயிற்று. உதவித் தொகைக்குள் முடியும் வரைபடத்தைக் கொடுத்து, அடுத்த அறையைப் பிறகு சேர்க்கும் வகையில் அத்திவாரத்தை அமைப்பதுதான் இதற்கு வழி. மாறாக, ஊரின் வெயிலையும் பழக்கத்தையும் கேளாமல் 65,000 உருக்கு வீடுகளை இறக்குவதென்று எடுத்த முயற்சி எதிர்ப்பைச் சந்தித்தது.

காணி பற்றிய பிழைகள் சுருக்கமாகச் சொன்னாலும் கனமானவை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியில் கட்டுவதற்கு முன், பத்திரம் யார் பெயரில் உள்ளது, அவர் உயிரோடிருக்கிறாரா, பின்னுரித்து (அவருக்குப் பின் காணியைப் பெறும் உரிமை) பதியப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் பார்க்கவேண்டும். போருக்கு முன் பயிரிட்ட நிலத்தில் இன்று வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கக்கூடும். முகமாலை போன்ற இடங்களில் கிணறு வெட்டுவதற்கும் வேலிக்குக் கட்டை நடுவதற்கும் முன் கண்ணிவெடி அகற்றிய சான்று கேட்பது கட்டாயம்.

பெண்கள் கூலிக்குப் போகும் காலை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு வரவு குறைவு என்று எழுதுவதும், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் காலிழந்தவர்களும் வாழும் ஊரில் சாய்தளம் இல்லாத மண்டபம் கட்டுவதும், ஒரே வீட்டில் ஐந்து நிறுவனங்கள் ஒரே கேள்விகளைக் கேட்டுப் படிவம் நிரப்புவதும் கொஞ்சம் யோசித்தாலே தவிர்க்கக்கூடியவை.

கையளிக்கும் ஆவணத்தில் பெயர்ப்பலகையின் வாசகத்தைவிட முக்கியமானவை வேறு. மின்மானி யார் பெயரில் உள்ளது, கட்டடம் பிரதேச சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏறியதா, பராமரிப்பு நிதியின் வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் மூவர் யார், அவர்களில் ஒருவராவது பெண்ணா, ஆண்டுக் கணக்கு எந்த மாதப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் என்பன எழுத்தில் இருக்கவேண்டும். நிறுவனம் வெளியேறிய ஓராண்டின் பின் ஒருவர் திரும்பி வந்து அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கான பயணச் செலவையும் முதல் வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.