கண்மாய்க்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டாகக் கண்மாய்க்கரைக்கு, அதாவது பாசன ஏரிக்கரைக்கு, நடந்து போவது, பறவை பார்ப்பது, மரக்கன்று நடுவது, நெகிழிக் குப்பை அள்ளுவது ஆகியவை இப்போது ஓரளவு பரவியிருக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எது, நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் கலுங்கு எது என்று தெரியாமலே வளர்ந்த நகரத்துப் பிள்ளைகள் இந்த நடைகளில்தான் முதன்முதலாக ஒரு கண்மாயை முழுமையாகப் பார்க்கிறார்கள். நானும் சில ஆண்டுகளாக இத்தகைய குழுக்களோடு சென்று வருகிறேன். அங்கே நான் பார்த்த தவறுகளும், நானே கைகொடுத்துச் செய்த தவறுகளும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை: நிலத்தை ஒரு முழு ஆண்டு பார்த்து முடிப்பதற்கு முன்பே அதற்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்ற அவசரம்.

இவற்றுள் முதலாவது, மரமில்லாத நிலத்தைச் சும்மா கிடக்கும் நிலமாக எண்ணிவிடுவது. கோடையில் வற்றிய கண்மாயின் உள்வாயும் (தண்ணீர் தேங்கும் உட்பரப்பு), அதையொட்டிய மேய்ச்சல் புறம்போக்கும் வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பாழாய்த் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் குழு அப்படியொரு தரையில் ஆவணி மாதத்தில் குழி தோண்டி ஏறத்தாழ இருநூறு கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தபோது, ஊர் ஊராகக் கிடை போட்டு மேய்க்கும் ஆடுகளோடு வந்த கீதாரி (மந்தைத் தலைவர்) ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “தம்பி, எங்களுக்கு மேய்ச்சலுக்குன்னு இருக்கிறது இந்த ஒரு தரைதான், இதுலயும் வேலி போட்டுட்டா ஆட்டை எங்க ஓட்டிட்டுப் போறது?” என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த பங்குனிக்குள் கன்றுகளில் பெரும்பாலானவை தண்ணீரின்றிக் கருகிப்போனதால் அந்தக் கேள்விக்கான பதில் தானாகவே கிடைத்துவிட்டது. ஆனால் நாங்கள் போட்ட முள்வேலி மட்டும் மேலும் ஓராண்டு அங்கேயே கிடந்து ஆடுகளைக் கிழித்துக்கொண்டிருந்தது.

புல்தரையும் முட்புதரும் காடாக மாறத் தவறிய நிலங்கள் என்று கருதுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வானம்பாடி, கௌதாரி, கல்கௌதாரி, ஆள்காட்டி போன்ற பறவைகள் வெட்டவெளியில் தரையிலேயே முட்டையிடுகின்றன. அத்தகைய தரையில் வரிசையாக மரம் வளர்த்தால், காக்கைக்கும் வல்லூறுக்கும் உயரத்தில் உட்கார்ந்து குஞ்சுகளை நோட்டமிட இடம் அமைத்துக் கொடுத்தது போலாகும். மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு அது பாறைக் குன்றுகளும் புதர்களுமாகவே தெரியும். ஆனால் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலத்தைத்தான் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. குன்றுகளும் சுனைகளும் கண்மாய்களும் இராசாளி வகைப் பறவைகளும் சமணப் படுக்கைகளும் தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டும் அங்கே ஒன்றோடொன்று சேர்ந்தே நிலைத்திருக்கின்றன. அங்கே யாரேனும் ‘பசுமையாக்க’ இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. புறம்போக்கு என்ற சொல்லை உரிமையாளர் இல்லாத நிலம் என்று பலர் பொருள்கொள்கிறார்கள். உண்மையில் அது பல உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நிலம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. உள்வாயில் நிற்கும் மரங்கள் வனத்துறையின் சமூகக் காடு வளர்ப்பில் நட்டவையாக இருக்கலாம். மீன்பாசி உரிமையை (மீன் பிடிக்கும் உரிமை) ஒருவர் குத்தகைக்கு எடுத்திருப்பார். கரையிலுள்ள பனைகளுக்கு வேறொரு கணக்கு இருக்கும். துறையின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டு, மடையைத் திறந்து அடைக்கும் நீர்பாய்ச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நான் அடிக்கடி பார்த்த பிழை. அந்தக் கண்மாயில் தண்ணீர் எங்கே முதலில் ஏறும், கரை எந்த இடத்தில் கசியும் என்பது கடிதத்தில் கையெழுத்திட்ட அதிகாரியைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

நடையிலேயே நேரும் தவறுகளில் பெரியது பருவம் பாராமல் போவது. பங்குனி, சித்திரை மாதங்களில் ஆள்காட்டிக் குருவி கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போலவே தோற்றமளிக்கும் முட்டைகளை இட்டுக் காக்கும். ஆட்கள் நெருங்கும்போது அது உரக்கக் கத்திக்கொண்டு தலைக்கு மேலே வட்டமிட்டால், கூடு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அப்போது கூட்டத்தினர் செய்ய வேண்டியது வந்த வழியே பின்வாங்குவது. பெரும்பாலும் நடப்பதோ, பத்துப் பேர் பரவி நின்று கூட்டைத் தேடுவது. பறவை எழுந்துபோன நேரம் முழுவதும் முட்டைகள் நேர் வெயிலில் வேகும் என்பதையும், அந்தச் சூட்டைத் தணிக்கவே அது வயிற்றுச் சிறகுகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும் என்பதையும் நடைக்கு முன்பே சொல்லிவிட்டால், பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கவனமாகக் காலெடுத்து வைக்கிறார்கள்.

கூட்டமாகக் கூடுகட்டும் நாரைகளும் கொக்குகளும் உள்ள கண்மாய்களில் இன்னும் கவனம் தேவை. சத்தத்திற்கோ டிரோனுக்கோ மிரண்டு பறவைகள் ஒருசேர எழுந்தால், காக்கைகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக அந்தச் சில நிமிடங்கள் போதும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் உழவர்கள், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டுப் பெற்றார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்குள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே காரில் நுழைந்துவிட்டு, உள்ளூர்க்காரருக்கு விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்கும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

படம் எடுப்பவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கூட்டை மறைக்கும் இலைகளை ஒதுக்கிவிட்டுப் படம் எடுத்தால், கூடு வெயிலுக்கும் பகைவருக்கும் வெளிப்பட்டுவிடும். பதிவு செய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டதாக எண்ணி அது இரைதேடுவதை விட்டுவிட்டு அலையும். அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை அன்றே சமூக ஊடகத்தில் வெளியிட்டால், மறுநாளே அங்கு வண்டிகள் வரிசைகட்டும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் குஞ்சுகள் பறந்துபோன பிறகு சொல்வது நல்லது.

கணக்கெடுப்பு நிகழ்வுகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையை ஒட்டி நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடமாவது இருந்து, பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு பதிவிடச் சொல்கிறார்கள். ஆனால் புதிதாக வருபவர்கள் மைனாவையும் காக்கையையும் தவிட்டுக்குருவியையும் எழுதத் தகுதியற்றவையாக விட்டுவிட்டு, அரியவற்றை மட்டும் பட்டியலிடுகிறார்கள். இன்று சாதாரணமாகத் தெரியும் ஒரு பறவை குறைந்துவருவதைக் கண்டறிய, அது ஏராளமாக இருந்த காலத்துக் கணக்கு இருந்தாக வேண்டும். அடையாளம் உறுதியாகத் தெரியாத பறவையை ஊகித்து எழுதுவதைவிட, ‘உள்ளான் வகை’ என்று எழுதி நிறுத்துவது நேர்மையானது.

தூய்மைப் பணி நிகழ்வுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஆயினும் நெகிழி ஒழிப்பு நடைக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்டுவதும், காலைச் சிற்றுண்டியை நெகிழித்தாளில் பொட்டலம் கட்டி வழங்குவதும் தொடர்கின்றன. அள்ளிய மூட்டைகளை எடுத்துச்செல்ல ஊராட்சி வண்டி வருமா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்யாவிட்டால், மறுமழையில் அதே குப்பை அதே கண்மாய்க்குத் திரும்பிவிடும்.

மரம் நடுவதற்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் ஆர்வம் மிகுதியாகச் செலவாவதும் வீணாவதும் அதில்தான். கரையில் நடலாம் என்றால், கரை முழுவதும் நடலாம் என்பதில்லை. மடைக்கும் கலுங்குக்கும் அருகே ஆல், அரசு போன்றவற்றை நட்டால், அவற்றின் வேர் சில ஆண்டுகளில் கட்டுமானத்தின் இடுக்குகளில் புகுந்து பிளந்துவிடும். வரத்துக் கால்வாயின் உள்ளே நட்ட கன்று பிழைத்தாலும் தொல்லை, பட்டாலும் தொல்லை. கரைக்குப் பனை ஏற்றது. ஆவணி, புரட்டாசியில் விழும் பழங்களின் விதைகளைச் சேகரித்து, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றினால், முளை ஆழமாக மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும். இடம் மாற்றி நடுவது கடினம் என்பதால், கரையில் வண்டித்தடம் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே ஊன்ற வேண்டும். விதைப்பந்துகளை வண்டியில் போகும்போது இருபுறமும் எறிந்துகொண்டே செல்வது படத்திற்கு அழகாக இருக்கிறது. அவற்றில் எத்தனை முளைத்தன என்று திரும்பிப் போய் எண்ணிய குழுவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சீமைக்கருவேல ஒழிப்பில் நடக்கும் தவறு இதைவிட வருந்தத்தக்கது. முள்ளையும் சிறிய இலையையும் மட்டும் பார்த்து, நாட்டுக் கருவேலத்தையும் வெள்வேலத்தையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். பூவும் காயும் இருக்கும் பருவத்தில் பார்த்தால் வேறுபாடு எளிது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் சாம்பல் பூத்த மணிகளைக் கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். வெள்வேலத்தின் பூவும் உருண்டைதான், நிறம் மட்டும் வெளிர். சீமைக்கருவேலத்தின் பூ விரல் போல நீண்ட கதிராகத் தொங்கும். காய் பழுத்தால் வைக்கோல் நிறத்தில் இருக்கும், ஆடுமாடுகள் தின்று விதையைப் பரப்பும். தரையோடு வெட்டினால் அது முன்னிலும் அடர்ந்து தழைக்குமாதலால், தூரோடு பிடுங்காத வேலை வேலையே ஆகாது. பிடுங்குவதற்கு முன்பும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தில் கொக்குகள் கூடுகட்டியிருக்கலாம். அப்படியானால் குஞ்சுகள் பறக்கும் வரை காத்திருப்பதும், அதற்குள் அருகே நாட்டுக் கருவேலத்தை வளர்த்தெடுப்பதும் தேவை. இரண்டாவது, ஊரில் பல குடும்பங்கள் அதை வெட்டி விறகாகவும் கரிமூட்டம் போட்டும் பிழைக்கின்றன; அவர்களைக் கலந்துகொள்ளாத ஒழிப்புப் பணி ஊரிலேயே எதிரிகளைச் சம்பாதித்துக்கொள்ளும்.

தூர்வாருதலில் தன்னார்வக் குழுக்கள் அதிகப் பணம் திரட்டி, அதிகத் தீங்கையும் செய்துவிட முடியும். ஜேசிபி இருக்கிறதென்று கண்மாயைக் கிண்ணம் போல எல்லாப் பக்கமும் ஆழமாகத் தோண்டுகிறார்கள். மடையின் அடிமட்டத்திற்குக் கீழே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அது தானாக வயலுக்குப் பாயாது; கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலமிழக்கும்; வண்டல் முழுவதையும் வழித்தெடுத்தால் அடியிலுள்ள சரளை மண்ணில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். நிலத்தடி நீர்தான் நோக்கம் என்றால் அது சரியாக இருக்கலாம், பாசனக் கண்மாய்க்குச் சரியாகாது. உள்வாயின் சரிவு மெல்ல இறங்கும் இடத்தில்தான் விரற்கடை ஆழத் தண்ணீரும் சேறும் இருக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் சேற்றில் அலகை விட்டு இரைதேடுவது அங்கேதான். அந்தச் சரிவை வெட்டிச் செங்குத்தாக்கி, நடுவே மண்மேடு போட்டு, சுற்றிலும் நடைபாதையும் மின்விளக்கும் அமைத்துவிட்டால், நடக்க வருவோர்க்கு வசதிதான். உள்ளான்கள் வேறு கண்மாய் தேடிப் போய்விடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, செருப்போடு புதருக்குள் நுழைவதே பெரிய தவறு. வறண்ட முட்புதர் நிலம் சுருட்டை விரியனுக்கு உகந்தது. மூடிய காலணி வேண்டும், கல்லைப் புரட்டும்போது கையை நேரே விடக்கூடாது. கடித்துவிட்டால் கீறுவதோ, இறுக்கிக் கட்டுவதோ, பச்சிலைக்கு அலைவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கோயில்காடுகளுக்குள் இதற்கு நேர்மாறாகக் காலணியைக் கழற்றச் சொல்வார்கள். அங்கே பூசாரி காட்டும் தடத்தோடு நின்றுகொள்ளலாம். பட்ட சுள்ளியைக்கூட அங்கிருந்து எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு.

இப்போது எங்கள் குழு ஒரு புதிய ஊருக்குப் போனால், முதல் ஓராண்டுக்கு மண்வெட்டியை எடுத்துச் செல்வதில்லை. ஒரு நோட்டு மட்டும் போகிறது. வரத்துக் கால்வாயில் முதல் தண்ணீர் வந்த நாள், கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்ததா இல்லையா, கிடை எந்தப் பக்கம் அமர்ந்தது, எந்த மரத்தில் எத்தனை கூடு, எந்த மாதம் உள்வாய் வெடித்துக் காய்ந்தது என்று அதில் எழுதுகிறோம். டீக்கடையில் அதை வாசித்துக் காட்டினால் ஊர்ப் பெரியவர்கள் திருத்துகிறார்கள். போன முறை ஒருவர், நாங்கள் கலுங்கு என்று எழுதி வைத்திருந்தது பழைய மடை என்று சொல்லி, எங்களை அழைத்துப்போய் இடத்தையும் காட்டினார்.