ஏஐ ஏஜென்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கேன்சல் டூல் குடுக்கறீங்களா, டிஸ்கிரிப்ஷனை இப்படி எழுதுங்க

வீடியோ கன்சல்டேஷன் ஆப்ல ஏஜென்ட் வைக்கும்போது புக்கிங் டூலுக்கு (டூல்னா ஏஜென்ட் தானா கூப்பிட்டு ஒரு வேலையை முடிக்கற ஃபங்ஷன்) பக்கம் பக்கமா எழுதுவோம், கேன்சலுக்கு வந்தா "அப்பாயின்ட்மென்டை கேன்சல் செய்யும்"னு ஒத்த வரி போட்டு முடிச்சிடுவோம். நானும் அப்படித்தான் போட்டேன். டெஸ்ட் பண்றப்ப ஒருத்தர் "நாளைக்கு முடியாது போல, வேற நாள் பாக்கலாமா"ன்னு டைப் பண்ணாரு, ஏஜென்ட் டக்குனு கையில இருந்த ஸ்லாட்டை கேன்சல் பண்ணிட்டு அதுக்கப்புறம்தான் வேற நாள் தேடுச்சு, தேடினா அந்த வாரம் முழுக்க டாக்டருக்கு இடமே இல்ல, விட்ட ஸ்லாட்டும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்த இன்னொருத்தருக்கு போயிடுச்சு. கோட்ல பக் எதுவும் கிடையாது. தப்பு அந்த ஒத்த வரியிலதான்.

டெவலப்பருக்கு புரியலன்னா பக்கத்து சீட்டுல கேட்டுப்பாரு. ஏஜென்ட்டுக்கு அந்த டூலைப் பத்தி தெரியறதெல்லாம் அதோட பேரு, டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா (என்னென்ன விவரம் அனுப்பணும்ங்கற பட்டியல்), அவ்ளோதான். அதனால எப்ப கூப்பிடணும்ங்கறதை விட எப்ப கூப்பிடக் கூடாதுங்கறதை நல்லா விரிச்சு எழுதுங்க. இப்ப நான் வெச்சிருக்கறது கிட்டத்தட்ட இப்படி:

"புக் ஆகியிருக்கிற ஒரு வீடியோ அப்பாயின்ட்மென்டை ரத்து செய்யும். ஸ்லாட் உடனே மத்தவங்களுக்குப் போயிடும், திரும்ப வாங்க முடியாது. நாளோ நேரமோ மாத்தணும்னா இதைக் கூப்பிடாதே, ரீஷெட்யூல் டூலைக் கூப்பிடு. வீடியோ லிங்க் திறக்கலை, சவுண்ட் வரலைன்னு சொன்னா அது கேன்சல் இல்ல. கூப்பிடறதுக்கு முன்னாடி டாக்டர் பேரு, தேதி, நேரம், பிடிப்பாங்கன்னா கட்டணம் எல்லாத்தையும் யூசர்கிட்ட சொல்லி, சரின்னு பதில் வாங்கு. அவசர அறிகுறி எதாவது சொன்னா கேன்சலை தள்ளி வெச்சிட்டு அவசர உதவிக்கு வழி சொல்லு."

அந்த லிங்க் விஷயம் டெலிஹெல்த்துக்கே உரிய தலைவலி. மூணு தடவை ட்ரை பண்ணி கடுப்பானவரு "விடுங்க, வேணாம்"னு சொல்லுவாரு, டாக்டர் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஸ்க்ரீன்ல உக்காந்திருப்பாரு.

அடுத்து இன்புட். பேஷன்ட் ஐடியை பாராமீட்டரா வைக்கவே வைக்காதீங்க. மாடல் அதை தப்பா நிரப்பலாம், இல்ல யாராவது சாட்ல வேற ஐடியை சொல்லி ஏமாத்தலாம், லாகின் செஷன்ல இருந்து சர்வரே எடுத்துக்கட்டும். அப்பாயின்ட்மென்ட் ஐடிக்கு "லிஸ்ட் டூல் குடுத்ததை அப்படியே போடு, நீயா உருவாக்காதே"ன்னு எழுதிடுங்க. காரணத்துக்கு ஃப்ரீ டெக்ஸ்ட் வேணாம், அஞ்சாறு ஆப்ஷன்ல ஒண்ணை மட்டும் எடுக்கற மாதிரி enum போதும், இல்லன்னா யூசர் சொன்ன நோய் விவரமெல்லாம் லாக்ல போய் உக்காந்துக்கும். நேரத்தை டைம்ஸோன் ஆஃப்செட்டோட ஐஎஸ்ஓ 8601 ஃபார்மட்ல திருப்பிக் குடுங்க, டாக்டர் ஒரு ஊர்ல பேஷன்ட் ஒரு ஊர்லன்னா வெறும் "8 மணி" யாரோட 8 மணின்னு ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்?

பின்னாடி ஃபயர் (FHIR, மருத்துவத் தகவலை சிஸ்டங்களுக்கு நடுவுல பரிமாறிக்கற ஸ்டாண்டர்ட்) ஓடுதுன்னா ஒரு கூத்து இருக்கு. அதோட ஆர்4 வெர்ஷன்ல கேன்சலேஷன் ரீசன் ஃபீல்டு பேர்ல எல் எழுத்து ஒண்ணுதான் (cancelationReason), 2023ல வந்த ஆர்5ல ரெண்டு (cancellationReason), ஆனா ஸ்டேட்டஸ்ல வர்ற கேன்சல்டுக்கு ரெண்டுலயுமே ரெண்டு எல். இந்தக் குழப்பத்தை ஏஜென்ட் தலையில கட்டாம உங்க சர்வர்லயே மேப் பண்ணிடுங்க. பேஷன்ட் வராமலே போனா அதுக்கு நோஷோன்னு தனி ஸ்டேட்டஸ் இருக்கு, அதனால நேரம் தாண்டின அப்பாயின்ட்மென்டுக்கு இந்த டூல் இல்லன்னு ஒரு வார்த்தை சேருங்க.

எம்சிபி (MCP, ஏஜென்ட்டுக்கு டூல்களை இணைக்கற ப்ரோட்டோகால்) வழியா குடுக்கறீங்கன்னா அனோட்டேஷனும், அதாவது டூல் எப்படிப்பட்டதுன்னு சொல்ற குறிப்பும் போடணும். ரீட்ஒன்லி ஹின்ட் ஃபால்ஸ், டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட் ட்ரூ, ஒரே ஐடியை ரெண்டு தடவை அனுப்பினாலும் விளைவு மாறாதுன்னா ஐடம்போட்டன்ட் ஹின்ட் ட்ரூ, ஏன்னா அது டீஃபால்ட்டா ஃபால்ஸ். பேரே ஹின்ட், பாத்துக்கோங்க. க்ளையன்ட் (ஏஜென்ட் ஓடற ஆப்) அதை மதிக்கணும்னு கட்டாயம் இல்ல, அதனால நிஜமான காவல் சர்வர்லதான் இருக்கணும். நான் ரெண்டு ஸ்டெப்பா பிரிச்சேன், டூலை முதல் தடவை கூப்பிட்டா கட்டணத்தையும் விவரத்தையும் காட்டி ஒரு கன்ஃபர்மேஷன் டோக்கன் குடுக்கும், ரெண்டாவது தடவை கூப்பிடறப்ப அந்த டோக்கன் இல்லன்னா எதுவும் நடக்காது.

எரர் மெசேஜும் டாக்குமென்டேஷன்தான், இதை நெறைய பேர் மறந்துடறாங்க. "409"னு (மோதல்னு சொல்ற HTTP எரர் நம்பர்) மட்டும் குடுத்தா ஏஜென்ட் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்கும். "வீடியோ கால் ஏற்கெனவே ஆரம்பிச்சிருச்சு, கேன்சல் முடியாது, யூசரை சப்போர்ட்டுக்கு அனுப்பு"ன்னு அடுத்து செய்ய வேண்டியதையும் சேத்தே எழுதுங்க. ஏற்கெனவே கேன்சல் ஆனதுன்னா எரர் வேணாம், எப்ப ஆச்சுன்னு சொல்லி சக்சஸ்னே குடுங்க. டைம்அவுட் ஆனா முதல்ல ஸ்டேட்டஸை பாக்கச் சொல்லுங்க, பாக்காம "கேன்சல் ஆயிடுச்சு"ன்னு யூசர்கிட்ட சொல்லக் கூடாது.

கடைசியா ஒரு 20 வாக்கியம் எழுதி ஓட்டிப் பாருங்க, அதுல பாதி கேன்சல் மாதிரி தெரிஞ்சாலும் கேன்சல் இல்லாததா இருக்கட்டும். "அம்மாவோடதும் சேத்து எடுத்துடு", "கொஞ்சம் லேட்டாகும்", "டாக்டரை மாத்தணும்", இந்த மாதிரி. எதுல தப்பா கூப்பிடுதோ அதுக்கு ஒரு வரி டிஸ்கிரிப்ஷன்ல சேத்துட்டு 20ஐயும் மறுபடி ஓட்டுங்க, புதுசா சேத்த வரி பழைய ஒண்ணை கெடுத்திருக்கும், எனக்கு ரெண்டு தடவை கெடுத்துச்சு.