துருவல்ல, அது நிறம்

பழைய ஆங்கிலேயச் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளை. குழல் பழுப்பேறியிருக்கிறதாம், துருவாம்! 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலேயக் கைவினைஞர்கள் இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, துடைத்து, மறுபடி துருப்பிடிக்கவிட்டுப் பல நாள் உழைத்து ஏற்றிய நிறம் அது. அரை மணி நேரத் தேய்ப்பில் போய்விடும். கூடவே குழலின் பின்பகுதியில் குத்திய சோதனை முத்திரைகளும் (குழல் வெடிப்பைத் தாங்கும் என்று சோதித்ததற்கான அடையாளங்கள்) மழுங்கும். மெல்லிய எண்ணெய் தொட்ட துணி போதும்.

அந்த முத்திரைகள்தான் துப்பாக்கியின் சாட்சி. குழலில் 'லண்டன்' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது அடுத்த தவறு. பர்மிங்காமில் செய்த குழல்களிலும் விற்பனைக்காக அந்தப் பெயரைப் பொறித்தார்கள். 1637இல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கத்தின் அடையாளம், கிரீடத்தின் கீழ் 'V', 'GP' எழுத்துகள். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல்தான் வந்தது. குறுக்காக வைத்த இரு செங்கோல்கள் அதன் அடையாளம்.

இரு நூற்றாண்டுப் பழையது, உள்ளே என்ன இருக்கப்போகிறது என்ற அலட்சியம் உயிருக்கே ஆபத்து. மெல்லிய மரக்குச்சியைக் குழலின் வாய் வழியே முட்டும்வரை விடுங்கள். வாய் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி, குழலின் பக்கத்திலுள்ள தீத்துளை (வெடிமருந்துக்குத் தீ போகும் சிறு துளை) வரை எட்ட வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தால் வெடிமருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கலாம்; விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சக்கிமுக்கிக் கல் இல்லாமல் விசையை இழுத்துப் பார்ப்பதும் கூடாது. கல்லைக் கவ்வ வேண்டிய 'குதிரை' என்னும் சுத்தியல் போன்ற பாகம், தாங்க எதுவுமின்றி முழு வேகத்தில் மோதி, கழுத்தில் முறியலாம். கட்டை விரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

திருகாணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொன்றும் அதனதன் துளைக்கென்று கையால் அராவியது. இடம் மாற்றினால் பொருந்தாது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், அட்டையில் துப்பாக்கியின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மேல்தலைப் பிளவு மிகக் குறுகலானது. இன்றைய தடித்த திருப்புளி அதைக் கிழித்துவிடும். நுனியைப் பிளவுக்கு ஏற்ப அராவிக்கொள்ளாமல் தொடவே தொடாதீர்கள்.