பெஞ்ச்மார்க் எண்ணை நம்பி பிராசசர் வாங்கும் முன்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், கிளஸ்டருக்காக (சேர்ந்து கணக்கிடும் கணினிக் கூட்டம்) இரண்டு பிராசசர்களைப் பெஞ்ச்மார்க்கில், அதாவது வேகச் சோதனை நிரலில், ஒப்பிட்டு ஒரு அட்டவணை நீட்டினார். ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு வேகமாம். இதே அட்டவணையை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். கம்பைலரில் ஓ3 (நிரலை வேகமாக்கும் தெரிவு) போட மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்; அவை தானாகவே தெரிந்துவிடும்.

ஸ்ட்ரீமை அப்படியே ஓட்டுவது

மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் நிரலில் ஒவ்வொரு அரேக்கும் (எண் வரிசைக்கும்) இயல்பாக 1 கோடி எண்கள். மூன்று அரேக்களும் சேர்ந்து 240 எம்பி. ஏஎம்டி எபிக் 7773எக்ஸில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) மட்டுமே 768 எம்பி! அப்புறம் நீங்கள் அளப்பது கேஷைத்தான். எல்லாச் சாக்கெட்டுகளின் (பிராசசர் பொருத்தும் இடங்களின்) கடைசி நிலைக் கேஷையும் கூட்டி, அதைப்போல் நான்கு மடங்காவது ஒவ்வொரு அரேயும் இருக்கட்டும்.

ஃபர்ஸ்ட் டச்

இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிரல் கேட்டவுடனே லினக்ஸ் மெமரியை ஒதுக்கிவிடாது. மெமரியின் ஒரு பக்கத்தில் (சிறு துண்டில்) முதலில் எழுதும் த்ரெட் (நிரலின் ஒரு இழை) எந்த நூமா முனையில் (கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள மெமரியும் சேர்ந்த பகுதி) ஓடுகிறதோ, இயல்பாக அங்கேதான் அந்தப் பக்கம் உட்காரும். எங்கள் சிமுலேஷனில் அரேக்களைப் பூஜ்யமாக்கும் லூப் ஒரே த்ரெட்டில் ஓடியது. அதனால் தரவு முழுக்க ஒரே முனையில் குவிந்தது. ஊருக்கே ஒரு குழாயடி, அடுத்த தெருக் குழாய் சும்மா கிடந்தது.

நாங்கள் ஒப்பிட்ட இரண்டு இயந்திரங்களிலும் சாக்கெட் இரண்டு, சாக்கெட்டுக்கு எட்டு டிடிஆர்4-3200 சேனல்கள் (மெமரிக்குப் போகும் பாதைகள்). ஏட்டுக் கணக்கில் மொத்தம் நொடிக்கு 409.6 ஜிபி. ஒன்றில் பயாஸ் (இயந்திரத்தின் அடிப்படை அமைப்பு நிரல்), சாக்கெட்டை நான்கு முனைகளாகப் பிரித்திருந்தது. ஒரே முனையில் குவிந்த எங்கள் தரவுக்கு அங்கே கிடைத்தது இரண்டு சேனல், அதாவது எட்டில் ஒரு பங்கு. மற்றதில் சாக்கெட் முழுதும் ஒரே முனை, அதனால் பாதி கிடைத்தது. நாங்கள் ஒப்பிட்டது பிராசசரையே அல்ல, பயாஸ் அமைப்பை!

எரிச்சல் எங்கே என்றால், ஸ்ட்ரீம் எண் இரண்டிலும் நன்றாகவே வந்தது. அது அரேக்களை எல்லா த்ரெட்டிலும் பகிர்ந்து நிரப்புகிறது. அதைக் காட்டித்தான் “மெமரியில் குறையில்லை, பிராசசர்தான் மந்தம்” என்று அறிக்கையில் எழுதினேன். அதை நம்பி இரண்டு ரேக் வாங்கினோம். பிறகு ஒருநாள் பூஜ்யமாக்கும் அந்த லூப்பின் தலையில், வேலையைப் பல த்ரெட்டுக்குப் பகிரும் ஓப்பன்எம்பி வரி ஒன்றைச் சேர்த்தேன். எது வேகம் என்ற வரிசையே தலைகீழானது. சரி, ரேக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கணக்கிடும் லூப் எப்படிப் பிரிகிறதோ அப்படியே துவக்கும் லூப்பும் பிரியட்டும். த்ரெட்டுகளைக் கோரோடு கட்டிவையுங்கள். ஓடும்போதே நூமாஸ்டாட்டை (எந்த முனையில் எவ்வளவு மெமரி என்று காட்டும் கட்டளை) பாருங்கள். ஒரு முனை மட்டும் வீங்கியிருந்தால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள்.

லின்பேக் மட்டும் போதும் என்பது

ஜப்பானின் ஃபுகாக்கு சூப்பர் கணினி, கணக்கிடும் வேகத்தை அளக்கும் லின்பேக்கில் 442 பெட்டாஃப்ளாப்ஸ்; மெமரி வேகத்தையே பெரிதும் நம்பும் எச்பிசிஜியில் 16. உங்கள் நிரல் எதன் சாயல்?

ஒரு தரப்புக்கு மட்டும் டியூனிங்

பழகிய பிராசசருக்கு இரண்டு வாரம், புதியதற்கு ஒரு மதியம். வேண்டாம்.

காலி டிம் ஸ்லாட்

டெமோ இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, எல்லா மெமரி சேனலிலும் டிம் (மெமரி அட்டை) இருக்கிறதா என்று எண்ணுங்கள்.