பிள்ளையின் மைனஸ் பவர் வருஷா வருஷம் ஏறுகிறதா? கண்ணின் நீளத்திலிருந்து தொடங்குங்கள்

அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது பவரோடு சேர்த்து கண்ணின் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள், ஆக்சியல் லெங்த் என்று கேட்டால் போதும். பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர், பெரியவர்களுக்கு 24 அளவில். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய மைனஸ் இரண்டரை வந்துவிடும். சாதாரணக் கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், ஆனால் அந்த நீளத்தைத் தடுக்காது.

நீளத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூளை இல்லை, விழித்திரை. கோழிக்குஞ்சுகளுக்குப் பார்வை நரம்பை வெட்டிய பிறகும், கண்ணில் படுவதற்கு ஏற்றபடி கண் வளர்ந்தது! இந்த விழித்திரைக்கு அகோரப் பசி. ஆக்சிஜன் கிடைக்கும்போதே குளுக்கோஸில் பெரும்பகுதியை முழுதாக எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றுகிறது, வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் அதிகம் செலவழிக்கிறது, ஏனென்றால் இருட்டில் ஒளியுணர் செல்களுக்குள் சோடியம் வந்துகொண்டே இருக்கும், அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செல்களுக்குத் தீனி போடுவது பின்னால் இருக்கும் கோராய்டு என்ற ரத்தப் படலம், கிட்டப்பார்வையில், அதாவது மைனஸ் பவரில், அது மெலிந்துபோகிறது. இதைச் சொல்லி ‘விழித்திரைக்கு எனர்ஜி’ என்று யாராவது மாத்திரை விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வேலை செய்வது பகல் வெளிச்சம். வெளிச்சம் பட்டால் விழித்திரை டோபமைன் என்ற ரசாயனத்தை விடுகிறது, கண் நீள்வதை அது மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இன்றைக்கு வலுவான விளக்கம். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5. தைவான் 2010-லிருந்து தினம் 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறது. மர நிழல் போதும், தொப்பி போடலாம், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளையைவிட இன்னும் போடாத தம்பி தங்கைக்குத்தான் இதில் பலன் அதிகம், அதனால் அவர்களையும் சேர்த்தே வெளியே அனுப்புங்கள்.

அப்புறம், 30 நிமிடம் படித்தால் 10 நிமிடம் தூரத்தில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கண்ணாடி போட்டவருக்கு குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு, பவர் ஏறுவதைக் குறைக்கும் லென்ஸ் எல்லாம் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். பவர் ஏறாமல் தடுக்கும் என்று விற்கும் சிவப்பு லேசர் கருவியை மட்டும் ஆன்லைனில் வாங்கிப் பிள்ளை கண்ணில் காட்டாதீர்கள். அதனால் விழித்திரை கெட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து நீளத்தை மறுபடி அளந்து, பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.