ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு நடைவழி

ஆக்ஸ்ஃபோர்டில் இறங்கியதும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது, "பல்கலைக்கழகம் எந்தப் பக்கம்?" அப்படி ஒரு தனி வளாகமே அங்கே கிடையாது. 30-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனி நேரம்.

நான் முதல் தடவை போனபோது காலை பத்து மணிக்கே கல்லூரி வாசல்களில் ஏறி இறங்கினேன். மூன்று இடத்தில் 'பார்வையாளர்களுக்கு மதியத்துக்கு மேல்' என்று பலகை தொங்கியது. அரை நாள் வீணாயிற்று. அதனால்தான் இந்த வரிசை: காலையில் பொது இடங்கள், மதியத்துக்கு மேல் ஒரே ஒரு கல்லூரி, கடைசியில் ஒரு கல்லறை.

கிளம்பும் முன்

போட்லியன் நூலகச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே இணையத்தில் சீட்டு எடுத்துவிடுங்கள். அன்று போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம். மதியத்துக்கு மேல் நாம் போகும் கல்லூரியான நியூ காலேஜின் திறப்பு நேரத்தையும் அதன் இணையதளத்தில் பாருங்கள். மே, ஜூன் தேர்வுக் காலம். கல்லூரிகள் திடீரென்று கதவைச் சாத்திவிடும். ஆனால் கறுப்பு அங்கி போட்டு, சட்டையில் கார்னேஷன் பூ குத்திய மாணவர்களைப் பார்க்கலாம். முதல் தேர்வுக்கு வெள்ளைப் பூ, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு, இடையில் எல்லாம் இளஞ்சிவப்பு. கல் பாவிய தெருக்கள் என்பதால் தட்டையான காலணி நல்லது.

படி 1: போய்ச் சேருதல்

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வார நாட்களில் காலை நெரிசல் நேரம் கழித்துக் கிளம்பினால் கட்டணம் குறையும். விக்டோரியாவிலிருந்து பேருந்தும் உண்டு. மலிவு, ஆனால் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். காரில் வந்தால் ஊர் எல்லையில் உள்ள பொது நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் பேருந்து பிடியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து ஊர் நடுவிலுள்ள கார்ஃபாக்ஸ் சந்திப்புக்குக் கால் மணி நேர நடை.

படி 2: முதலில் உயரத்துக்கு ஏறுங்கள்

கார்ஃபாக்ஸிலிருந்து ஹை ஸ்ட்ரீட்டில் கிழக்கே நடந்தால் இடது கையில் செயின்ட் மேரி தேவாலயம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத காலத்தில் கூட்டமும் பட்டமளிப்பும் இங்கேதான் நடந்தன. இதன் கோபுரம் 13-ஆம் நூற்றாண்டினது. 127 படிகள், மேலே போகப் போகக் குறுகும் சுழல் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம், மற்றவர்கள் கட்டாயம் ஏறுங்கள். மேலே நின்றால் மதில்களுக்குள் ஒளிந்திருக்கும் பச்சை முற்றங்கள் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கீழே தெருவில் நடக்கும்போது இந்த ஊரின் அமைப்பு புரியவே புரியாது.

வடக்குப் பக்கம் நேர் எதிரே நிற்கும் வட்டக் கட்டடம் ராட்கிளிஃப் கேமரா. ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1749-ல் திறந்த நூலகம். 'கேமரா' என்பது லத்தீனில் அறை. படம் பிடிக்கும் கருவியின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கருவிக்கும் சம்பந்தமில்லை.

படி 3: போட்லியன்

1602-ல் தாமஸ் போட்லி திறந்த நூலகம். இங்கே புத்தகத்தை இரவல் தரும் வழக்கமே இல்லை. 1645-ல் மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு புத்தகம் கேட்டு ஆள் அனுப்பியபோது, நூலகர் விதிப் புத்தகத்தைக் காட்டி மறுத்தார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். வாசகராகச் சேருகிறவர்கள் உள்ளே தீ மூட்டமாட்டேன் என்று இன்றும் உறுதிமொழி கொடுக்கிறார்கள்.

குறுகிய சுற்றுலா போதும் என்றால்கூட டிவினிட்டி ஸ்கூல் என்ற மண்டபத்தை விடாதீர்கள். 1488-ல் முடிந்தது. அண்ணாந்து பார்த்தால் விசிறி விரித்தாற்போல் கல் விதானம். அதில் செதுக்கிய குமிழ்கள் மட்டும் 455. ராட்கிளிஃப் கேமராவுக்குள்ளும் போகவேண்டும் என்றால் நீண்ட சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெளியே வந்து பிராட் ஸ்ட்ரீட் முனையில் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு கூரை உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக யானை நிற்கும். இந்திய மொழிகளையும் வரலாற்றையும் கற்பிக்க 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இந்தியன் இன்ஸ்டிடியூட் கட்டடம் அது.

படி 4: சாப்பாடு

வந்த வழியே ஹை ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி, 1774 முதல் நடக்கும் கவர்ட் மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும்.

படி 5: ஒரு கல்லூரி

எல்லாரும் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குப் போவார்கள். என் பரிந்துரை நியூ காலேஜ். பெயர்தான் 'புதிய', தொடங்கியது 1379-ல். பெருமூச்சுப் பாலம் என்று எல்லாரும் படம் எடுக்கும் வளைவுக்கு அடியில் நுழைந்து, வளைந்து போகும் சந்தில் நடந்தால் வாசல் வரும். நுழைவுக் கட்டணம் உண்டு. தோட்டத்தைச் சுற்றி நிற்பது பழைய நகர மதில். இடம் கொடுத்தபோது மதிலைப் பராமரிக்க வேண்டும் என்று நகரம் நிபந்தனை போட்டது. அதைச் சரிபார்க்க நகர மேயர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இன்றும் வந்து மதிலோரம் நடக்கிறார்! தாழ்வாரத்தில் அரை மணி நேரமாவது சும்மா உட்காருங்கள்.

படி 6: அஷ்மோலியன்

1683-ல் தொடங்கிய அருங்காட்சியகம், அனுமதி இலவசம். இங்கே இருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி 1967-ல் ஏலத்தில் வாங்கியது. அது கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததை 1957-ல் எடுத்த ஒரு புகைப்படம் காட்டிக்கொடுத்தது. திருப்பித் தர 2024-ல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த இடத்துக்குப் போகவேண்டும்.

படி 7: போப்பையரைப் பார்க்க

அருங்காட்சியகத் தெரு முடியும் இடத்தில் வால்டன் ஸ்ட்ரீட் தொடங்கும். அதில் பத்து நிமிடம் நடந்தால், கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து போல செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தின் வாசல். சுற்றுலாக் கூட்டம் இங்கே வராது. புல்லும் கொடியும் மண்டிய இந்தத் தோட்டத்தில்தான் ஜி.யு.போப் இருக்கிறார். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, 1886-ல் திருக்குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு கற்பித்து, 1908-ல் மறைந்தார்.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று கல்லறையில் எழுதியிருப்பதாகப் பள்ளியில் படித்திருப்போம். நானும் அந்த வரியைத்தான் தேடினேன். அது அங்கே இல்லை. இருப்பது வேறு: குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு இந்தக் கல்லை நிறுத்தினார்கள் என்ற செய்தி. காசு சேர்த்துக் கடல் கடந்து அனுப்பிய அந்தப் பெயர் தெரியாதவர்களை நினைத்து நெடுநேரம் நின்றேன்.

ஒரு பூ வாங்கிப் போவதென்றால் மதியம் கவர்ட் மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் இருபது நிமிட நடை.